ஏற்றுக்கொண்ட சவாரி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதானுங்க. சர்வீஸ் பூராம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனவன் நானு. அரசு பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர். பேரு நஞ்சப்பன். கோயமுத்தூர்ல பழைய கண்டக்டருங்க எவனையாச்சும் நிறுத்தி இந்தப் பேரச் சொல்லிப் பாருங்க. ஒண்ணு எந்திரிச்சு நிப்பான், இல்லாட்டித் திட்டுவான். திட்டறவன் பூராம் டிக்கெட் கிழிக்காம காசு வாங்கினவன். ஒழுங்கா இருந்தவன் எவனும் என்னத் திட்ட மாட்டான்.

உடுமலையில என்ன சோலின்னா கேட்டீங்க? ஒருத்தனத் தேடி வந்தனுங்க. தேடிப் புடிச்சு, செய்ய வேண்டியதச் செஞ்சுபோட்டுத் திரும்பிப் போறேன். அடிதடியெல்லாம் இல்லீங்க, என்னப் பாத்தா அப்படியா தெரியுது? வாயில ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஆனா பாருங்க, காலைல வரும்போது நெஞ்சுக்குள்ள ஒரு வேகம் இருந்துது, அது இப்ப இல்ல. வெயிலுக்கா இருக்கும்.

சொல்றேன். பொள்ளாச்சி வர்ற வரைக்கும் சும்மா உக்காந்துக்கிட்டு என்ன பண்றது.

எங்கம்மா பேரூர்ல இருந்தாங்க. தனியாத்தான். ஏன் தனியா விட்டீங்கன்னு மட்டும் கேட்டுராதீங்க, எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்க. அம்மாவே வர மாட்டேனுட்டாங்க. நான் சரவணம்பட்டியில அப்பார்ட்மென்டுல இருக்கேன். லிஃப்டு இருக்குது, வாட்ச்மேன் இருக்கான். "அங்க வந்து யாரு மொகத்தப் பாக்கறது"ன்னாங்க. நானும் ரெண்டாவது வாட்டி கூப்பிடல. ஒருத்தர வற்புறுத்தறது எனக்குப் புடிக்காதுங்க.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க அப்பார்ட்மென்டுச் சங்கத்துக்கு நாந்தான் தலைவர். பொதுக்குழுக் கூட்டம். நடுவால அம்மாகிட்ட இருந்து போன் வந்துது. "நெஞ்சுக்குள்ள கரிக்குதுடா, என்னமோ பண்ணுது, கொஞ்சம் வந்துட்டுப் போறயா"ன்னாங்க. "வர்றம்மா, நீ பதறாத, சேலைய மாத்திக்கிட்டு உக்காந்திரு"ன்னு சொன்னேன். சொல்லிப்போட்டு, கையோட செல்லுல ஒரு டாக்ஸி போட்டேன். பேரூர்ல ஏத்தி ஆஸ்பத்திரியில எறக்கிவிடறதுக்கு. கூட்டம் முடிஞ்சதும் நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிறலாம்னு கணக்கு. வர்றேன்னு சொன்னது எதுக்குன்னா, அந்த வார்த்தையக் கேட்டா அம்மாவுக்கு ஒரு தெம்பு. அவ்வளவுதான்.

எங்கிட்டக் கார் இருக்குதுங்க. இல்லாம என்ன. கீழதான் நின்னுது. ஆனா அன்னைக்குக் கூட்டமே பார்க்கிங் தகராறு பத்தித்தான். மூணாவது மாடிக்காரன் ஒருத்தன், நான் எப்பக் காரை எடுப்பேன்னு பாத்துக்கிட்டே இருப்பான். எடுத்தாப் போதும், அவன் வண்டியக் கொண்டாந்து அங்க சொருகிருவான். அன்னைக்குப் போயி நான் காரை எடுத்தா, தலைவரே எடத்த விட்டுக் குடுத்த மாதிரி ஆயிராதுங்களா? நீங்களே சொல்லுங்க.

டாக்ஸி ஏத்துக்கிச்சு. செல்லுல பேரு வந்துது, மருதாசலம்னு. போட்டோவும் வந்துது. சின்ன வயசுக்காரன், நெத்தியில திருநீறு. நானும் சரி, ஆளு பாக்க நல்லவனாட்ட இருக்கான்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல போன் பண்றான். "சார், மேப்பு என்னப் பின்னாடி வீதியில கொண்டாந்து விட்டுருச்சுங்க, வீட்டுக்கு எப்படி வரணும்?"னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. கூட்டத்துல அத்தனை பேரு பாக்கறாங்க. "வழி தெரியாதவன் எதுக்குய்யா வண்டி ஓட்டற, கேட்டுப் போ"ன்னு வெச்சுட்டேன். லொக்கேஷன் நான் போட்டதுதான். ஆனா அது வீதி மாறி விழுந்தா அதுக்கு நானா பொறுப்பு? அவன் தொழில் அது. அவன்தான கண்டுபுடிக்கணும். அப்புறமும் ஒருக்கா கூப்பிட்டான். நான் எடுக்கல. ஓட்டெடுப்பு நடந்துக்கிட்டிருந்துது.

கூட்டம் முடிஞ்சு, டீ போண்டாவெல்லாம் ஆகி, செல்லப் பாக்கறேன். "உங்கள் சவாரி ரத்து செய்யப்பட்டது." எப்படி இருக்கும் எனக்கு? அப்பவும் நான் சும்மா இருக்கலீங்க. ஒடனே இன்னொரு டாக்ஸி போட்டேன். அது வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பொம்பளை பாத்து, பால் வண்டியில போட்டு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கா. போற வழியிலயே முடிஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு.

கொஞ்சம் முன்னாடி. அந்த ரெண்டு வார்த்தைதானுங்க. அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. காரியம் முடிஞ்சு ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் கெளம்பறதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டேன், இவன விடறதில்லைன்னு. நான் பழி வாங்கற ஆளு இல்லீங்க. என்னத் திட்டின கண்டக்டருங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போயி மொய் எழுதியிருக்கேன். ஆனா தப்புப் பண்ணினவன் தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்கணுமா இல்லையா?

மொதல்ல கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்துது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த சவாரிக்குத் தள்ளுபடி"ன்னு. எங்கம்மா செத்ததுக்குத் தள்ளுபடிங்க! போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். டாக்ஸி வராததுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்கய்யான்னு சொல்லி, தண்ணி குடுத்து அனுப்பினாங்க. போக்குவரத்து ஆபீஸுக்குப் போனா, "அவங்க டாக்ஸிக் கம்பெனியே இல்லீங்க, வெறும் செல்போன் ஆப்தான்னு சொல்றாங்க, எங்க கைக்குள்ள வர மாட்டாங்க"ன்னான் அங்க இருந்த கிளார்க்கு. ஏறி உக்காந்தா ஓடுது, எறங்கினாக் காசு கேக்குது, ஆனா டாக்ஸி இல்லையாம். என்ன கதை பாருங்க.

அப்பத்தான் பேப்பர்ல வந்துது. செல்போன்ல கூப்பிடற வண்டிங்களையும் பொதுப் போக்குவரத்துன்னு வெச்சு, பஸ்ஸு ஆட்டோவுக்கு இருக்கற மாதிரி சட்டம் கொண்டு வர்றாங்க, அதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல கருத்துக் கேக்கற கூட்டம்னு. எனக்கு ரத்தமே சூடாயிருச்சுங்க. என்ர தொழில் அது. என்ர மைதானம்.

ஆட்டோ ஸ்டேண்டு ஸ்டேண்டாப் போனேன். பஸ் ஸ்டாப்புல நிக்க விடாம வெரட்டினவன்னு எந்த ஆட்டோக்காரங்க என்னக் கண்டா மொகத்தத் திருப்புவாங்களோ, அவனுங்களே எனக்கு டீ வாங்கிக் குடுத்தானுக. அவனுகளுக்கு அந்த டாக்ஸிங்க மேல அவனுக கோவம், எனக்கு என்ர கோவம். கூட்டத்தன்னைக்கு என்னை முன்னால தள்ளிவிட்டானுக. மைக்கப் புடிச்சேன் பாருங்க. "ஸ்டாப்புல ஆளு நிக்கறதப் பாத்துட்டு நிக்காமப் போற பஸ்ஸுக்கு நான் மெமோ குடுத்திருக்கேன். ஏன் குடுத்தேன்? அது பொது வண்டி. ரோட்டுல நிக்கற ஒவ்வொருத்தனுக்கும் அதுல உரிமை இருக்குது. செல்போன் வண்டியும் அதே ரோட்டுலதான் ஓடுது, அதே சனத்தத்தான் ஏத்துது. வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனா அதுக்குப் பேரு வியாபாரம் இல்லீங்க, துரோகம்"னேன். மண்டபமே கை தட்டுச்சு.

ஒரு பொண்ணு மட்டும் எந்திரிச்சுச்சு. டாக்ஸி ஓட்டற பொண்ணு. "மறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா, போற எடம் சரியில்லைன்னு தெரிஞ்சாலும் நாங்க போயே ஆகணுமா? எதுக்கு மறுத்தோம்னு கேட்டுட்டு அப்புறம் தண்டனை குடுங்க"ன்னுச்சு. நான் விடுவனா? "காரணம் கேட்டா எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவாங்க அம்மிணி. செத்தவங்கள வந்து காரணம் கேக்கச் சொல்றயா?"ன்னேன். அந்தப் புள்ள உக்காந்துக்கிச்சு.

மறுநா பேப்பர்ல என்ர போட்டோ. "வருவதாகச் சொல்லி வராமல் போவது துரோகம்: தாயை இழந்த மகன் கண்ணீர்"னு. கண்ணீரெல்லாம் விடலீங்க, அவனுகளாப் போட்டுக்கிட்டானுக. அத லேமினேஷன் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கேன், அம்மா போட்டோவுக்குப் பக்கத்துல.

சட்டம் வந்துது. "ஏற்றுக்கொண்ட சவாரியை ஓட்டுநர் மறுக்கக் கூடாது"ன்னு ஒரு விதி. அத நான் வாய் விட்டு எத்தனை வாட்டி படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. டிரைவர்ங்க எல்லாரும் புதுசா ஒரு அனுமதி அட்டை வாங்கணும், பழைய புகார் இருந்தா விசாரிச்சு முடிச்சப்புறந்தான் அட்டைன்னும் சொல்லிட்டாங்க. நான் எத்தனையோ புகார் குடுத்து வெச்சிருந்தேனல்ல? மருதாசலத்தோட அட்டை அப்படியே நின்னு போச்சு. வண்டி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுக் கெடந்துது. ஆட்டோக்காரங்க வந்து சொல்லுவானுக, "அண்ணா, அவன் வண்டிய எடுக்கவே இல்லை"ன்னு. அன்னைக்கு ராத்திரி நான் ரெண்டு வாய் சேத்துச் சாப்பிடுவேன். மனுசன் அப்படித்தானுங்க. பொய் சொல்லக் கூடாது.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. ஒரு ஆபீசர், கம்பெனி ஆளு ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டு, மருதாசலம். வெளிய பெஞ்சுல அவன் சம்சாரம், இடுப்புல கொழந்தை. கம்பெனிக்காரன்தான் பேசினான். "வாடிக்கையாளர் போட்ட லொக்கேஷன் தவறு, ஓட்டுநர் மேல தவறில்லை"ன்னு அதையே திருப்பித் திருப்பி. அவனுக்கு அவன் கம்பெனி தப்பிச்சாப் போதும். இந்த மருதாசலம் கையக் கட்டிக்கிட்டு நின்னவன், மெதுவா, "ஐயா, அன்னைக்கு அம்மா..."ன்னு ஆரம்பிச்சான். எனக்கு உச்சிக்கு ஏறிருச்சு. "அம்மான்னு சொல்றதுக்கு ஒனக்கு என்னடா யோக்யதை இருக்குது? வாய மூடு"ன்னு கத்திட்டேன். கம்பெனிக்காரனும் அவன் கையப் புடிச்சு அழுத்தினான். அப்புறம் அவன் வாயே திறக்கல. ஆபீசர் எழுதிட்டாரு. அட்டை கெடையாது.

வெளிய வரும்போது பெஞ்சுல இருந்த அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சு பாருங்க. திட்டலை. அழுகலை. சும்மா பாத்துச்சு. அதுக்கென்ன பண்றது, பொண்டாட்டின்னா புருசன் பக்கந்தான் இருப்பா.

அவன் காரைப் பைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். கோயில்ல தேங்காய் ஒடைச்சேன்.

என்ர தங்கச்சி ஒருத்தி இருக்கறா, மரகதம். திருப்பூர்ல. அவகிட்டப் போன்ல சொன்னேன், அம்மாவுக்கு நியாயம் வாங்கிக் குடுத்துட்டேன் அம்மிணின்னு. அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், "ஏண்ணா, அன்னைக்கு நீயே போயிருக்கலாமல்ல?"ன்னா. என்ன பேச்சு இது? திருப்பூர்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றது சுலபம். அம்மா அவளையும்தான பெத்தா? அன்னைக்கோட அவகூடப் பேச்சு வார்த்தை இல்லை. தீவாளிக்குப் பலகாரம் குடுத்துவிட்டா, திருப்பி அனுப்பிட்டேன்.

இதோட விட்டிருக்கலாம்னு நெனைக்கறீங்க. தெரியுது. மொகத்துல தெரியுது. ஆனா போன வாரம் ஒரு ஆட்டோக்காரன் வந்து சொல்றான், "அண்ணா, உங்க ஆளு உடுமலையில ஸ்கூல் வேன் ஓட்டறானாமா, மாமனாரு ஊரு அதுதானாமா"ன்னு. ஸ்கூல் வேன்! யோசிச்சுப் பாருங்க. வயசான பொம்பளைய ஏத்த வராம விட்டவன் கையில சின்னஞ்சிறு கொழந்தைங்க. அரசாங்கம் டாக்ஸி ஓட்ட லாயக்கில்லைன்னு சொன்னவன். இதச் சொல்ல வேண்டியது என்ர கடமையா இல்லையா? காலைல மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தாளாளரம்மா நல்ல மாதிரி. உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. "குடிப்பாரா?"ன்னாங்க. இல்லைன்னேன். "வேகமா ஓட்டுவாரா?"ன்னாங்க. அதெல்லாந் தெரியாதுங்க, ஆனா நட்டாத்துல விட்டுட்டுப் போற ஆளுன்னேன். பேப்பர்ல வந்ததக் காட்டினேன். அந்தம்மா ரொம்ப நேரம் படிச்சாங்க. "கொழந்தைங்க அவர்கிட்ட ஒட்டிக்கிட்டாங்க சார்"னாங்க. அப்புறம் பெருமூச்சு விட்டு, "இது பெத்தவங்க காதுக்குப் போனா நான் பதில் சொல்ல முடியாது. சாயந்திரம் கொழந்தைங்கள எறக்கிவிட்டுட்டு வந்தப்புறம், நாளையில இருந்து வேண்டாம்னு சொல்லிடறேன்"னாங்க.

சந்தோசமா வெளிய வந்தேன். எதுத்தாப்பல கரும்புச் சாறுக் கடை. ஒரு டம்ளர் சொல்லிப்போட்டு உக்காந்தேன். குடிச்சுக்கிட்டிருக்கும்போது வேன் வந்து நின்னுது. எல்.கே.ஜி. புள்ளைங்க மத்தியானத்தோட வீட்டுக்குப் போறதுக்கு. அவன்தான் எறங்கினான். எளைச்சுப் போயிருந்தான். ஒவ்வொரு புள்ளையாத் தூக்கி உள்ள உக்கார வெச்சான். அப்பத்தான் என்னப் பாத்தான்.

நான் எந்திரிக்கல. எதுக்கு எந்திரிக்கணும்? சண்டைக்கு வந்தா வரட்டும்னு உக்காந்திருந்தேன். சண்டைக்கு வருவான்னுதான் நெனச்சேன். உண்மையச் சொன்னா, வரணும்னு ஆசைப்பட்டேன்.

ரோட்டத் தாண்டி ஓடி வந்தான். கும்பிட்டான். "ஐயா, என்னப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"ன்னான்.

நான் டம்ளரக் கீழ வெச்சேன்.

"நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தனுங்கய்யா. வீட்டுல அவ தெனமும் சொல்லுவா, போயி அந்தப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு. எனக்குத்தான் உங்க மொகத்துல முழிக்கப் பயம். அன்னைக்கு அந்த ஆபீஸ்ல சொல்ல விடலை."

"என்ன சொல்லணும்?"னேன்.

"நான் அம்மாவப் பாத்தனுங்கய்யா"ன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சொல்றான், கேளுங்க. "பின்னாடி வீதியில இருந்து கேட்டுக் கேட்டு வந்துட்டனுங்க. அம்மா வாசப்படியில உக்காந்திருந்தாங்க. நல்ல சேலை கட்டிக்கிட்டு, மடியில ஒரு பை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்திருக்குது, ஏறுங்கம்மான்னேன். மாட்டேனுட்டாங்க. ‘நீ போ கண்ணு, பொட்டலம் வருது, அது வந்தப்புறந்தான் கெளம்புவேன்’னாங்க. நானும் கொரியர்ல மருந்து ஏதோ வருதாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. பொட்டலத்தப் பொறவு வாங்கிக்கலாம், நீங்க வாங்கன்னு கையக்கூடப் புடிச்சேன். சிரிச்சாங்க. ‘வர்றேன்னு சொல்லியிருக்குது. நான் பாட்டுக்குப் போயிட்டா வந்து ஏமாந்து போயிரும்’னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் போன் போட்டேன், நீங்க எடுக்கல. ‘எனக்காக நிக்காத சாமி, வேற சவாரி இருந்தாப் பாரு’ன்னு அவங்களேதான் அனுப்பிவிட்டாங்க. அப்புறந்தான் நான் ரத்துப் பண்ணினேன். ஒடம்பு அவ்வளவு முடியலைன்னு தெரியாமப் போச்சுங்கய்யா. தெரிஞ்சிருந்தா அம்மாவ நானே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். அது என்ர தப்புத்தானுங்க. நீங்க தண்டிச்சது சரிதான்."

வேன்ல இருந்து புள்ளைங்க கூப்பிடுது, "டிரைவரண்ணா, டிரைவரண்ணா"ன்னு. போகத் திரும்பினவன் நின்னான். நின்னு கேக்கறான், "பொறவு அந்தப் பொட்டலம் வந்து சேர்ந்துச்சுங்களாய்யா?"ன்னு.

நான் என்னங்க சொல்லட்டும்? "வரல"ன்னேன்.

"அடப் பாவமே"ன்னுட்டு ஓடிட்டான்.

பொய்யுங்க. அத்தனையும் பொய். தப்பிக்கறதுக்கு உட்ட கதை. செத்தவங்க வந்து இல்லைன்னு சொல்லப் போறாங்களா? எத்தனை கண்டக்டருங்களப் பாத்திருக்கேன், மாட்டிக்கிட்டா எப்படியெல்லாம் கதை கட்டுவானுகன்னு எனக்குத் தெரியாதா? கண்ணப் பாத்தே சொல்லிருவேன், இவன் பொய் சொல்றான், இவன் சொல்லலைன்னு.

அவன் கண்ணா? பாத்தேன். பாத்தேனுங்க.

பொட்டலம்னா பார்சல் இல்லீங்க. நாந்தான். நான் கொறை மாசத்துல பொறந்தவன். பஞ்சுக்குள்ள வெச்சு, பழைய வேட்டியில சுத்தி, ஒரு பொட்டலமாட்டத்தான் அம்மா கையில குடுத்தாங்களாம். அன்னைக்குல இருந்து எனக்கு அதுதான் பேரு. ஊர் முன்னால கூப்பிட மாட்டாங்க. வேலைக்குச் சேந்தப்புறம் நான்தான் சத்தம் போட்டு நிறுத்தி வெச்சேன், யூனிபாரம் போட்ட மனுசன அப்படிக் கூப்பிடாதம்மான்னு. அதுக்கப்புறம் என் காதுபடக் கூப்பிட்டதே இல்லை. மறந்துட்டாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என்ர சம்சாரத்துக்கே அந்தப் பேரு தெரியாது.

இவன் யாருகிட்டயோ விசாரிச்சிருப்பான். மரகதத்துக்குத் தெரியும். மரகதம் சொல்லியிருப்பா... இல்ல. மரகதம் அவனப் பாத்ததே இல்லை. பாத்திருந்தாலும் அவ சொல்ற ஆளு இல்லை. அப்ப எப்படிங்க? நீங்களே சொல்லுங்க, படிச்சவராட்ட இருக்கீங்க. பேரூர்ல ஒரு வாசப்படியில உக்காந்திருந்த பொம்பளை சொல்லாம, உடுமலையில வேன் ஓட்டறவனுக்கு அந்தப் பேரு எப்படித் தெரிஞ்சுது?

என்ன பாக்கறீங்க? ஒண்ணுமில்லீங்க. ஜன்னல் வழியாத் தூசி வருது.

இப்ப மணி என்னாகுது? ஸ்கூல் எப்ப விடுவாங்க, நாலுக்கா? எறக்கிவிட்டுட்டு வந்தப்புறந்தான சொல்றேன்னு அந்தம்மா சொன்னாங்க? அப்ப இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க. இல்லீங்க? இன்னும் நேரம் இருக்குது.

கண்டக்டர்! தம்பி, இங்க கொஞ்சம் வண்டிய நிறுத்துங்க. எறங்கணும். அந்த ஸ்கூல்ல கண்ணாடிய வெச்சுப்போட்டு வந்துட்டேன்.

என்னங்க? மூக்கு மேலயா? இது தூரத்துக்குப் பாக்கறதுங்க. அங்க மறந்தது கிட்டத்துல பாக்கற கண்ணாடி.

தெரியுந் தம்பி, பொள்ளாச்சி வரைக்கும் நிக்காத வண்டின்னு தெரியும். நான் செக்கிங்ல இருந்தவன். இப்படி நடு ரோட்டுல ஆளெறக்கின கண்டக்டருக்கு என்ர கையாலயே மெமோ எழுதியிருக்கேன். எவனாச்சும் கேட்டா என்ர பேரச் சொல்லு. நஞ்சப்பன்தான் நிறுத்தச் சொன்னான்னு சொல்லு. திட்டினாத் திட்டட்டும். தம்பி, ஒன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். சாமி, கொஞ்சம் நிறுத்து.